வறண்ட ஊரில் ஓர் ஈரத் தரை

தாராபுரத்திலிருந்து பல்லடம் போகும் வழியில், காற்றாலைகள் சுழலும் மேட்டு நிலத்தில் இருக்கிறது குண்டடம். சனிக்கிழமைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆடும் மாடும் கோழியும் கைமாறும் அந்தச் சந்தையே இந்த வட்டாரத்தின் பிழைப்பைச் சொல்லிவிடும்: மழையை நம்பிய வெள்ளாமை ஏமாற்றினால், வீட்டைத் தாங்குவது கால்நடைதான். கொங்கு நாட்டுக் கால்நடை வளர்ப்பில் அண்மைக் காலத்தில் சேர்ந்தது வெண்பன்றி. பின்னலாடைத் தொழிலோடு திருப்பூரில் ஓட்டல்களும் விடுதிகளும் கேன்டீன்களும் பெருகின. அங்கே மிஞ்சும் சோறும் காய்கறிக் கழிவும் வெண்பன்றிக்குத் தீவனமாகின்றன. இறைச்சிக்குக் கேரளத்தில் சந்தை இருக்கிறது. வேலைக்கு வந்த வடகிழக்கு மாநிலத்தவரிடமும் தேவை இருக்கிறது. குறைந்த நிலத்தில் சீக்கிரம் பணம் பார்க்க வழியிருக்கும் இத்தொழிலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதனோடு கூடவே வரக்கூடிய ஒரு நோயைப் பற்றி நம் பக்கத்தில் போதிய பேச்சு இல்லை. லெப்டோஸ்பைரோசிஸ் என்று மருத்துவர்களும், எலிக்காய்ச்சல் என்று மக்களும் சொல்லும் நோய் அது. மழைக்கும் வெள்ளத்துக்கும் உரிய நோய் என்று பேர் வாங்கிவிட்டதால், குண்டடம் போன்ற வறண்ட ஊர்களில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வெளியே நிலம் எவ்வளவு காய்ந்திருந்தாலும், பன்றிக் கொட்டகைக்குள் இந்த நோய்க்கு வேண்டிய ஈரத்தை நாமே நாள் தவறாமல் உண்டாக்கித் தருகிறோம் என்பதும், பன்றி நோயாளியாகத் தெரியும்வரை காத்திருந்தால் ஒருபோதும் தெரியாது என்பதும்தான் இங்கே சொல்ல வருவது.

முதலில் கிருமியைப் பார்க்கலாம். லெப்டோஸ்பைரா ஒரு நுண்ணுயிரி. நூல்போல மெலிந்து, திருகுச்சுருளாய் முறுக்கிக்கொண்டு, முனையில் கொக்கிபோல வளைந்திருக்கும். 1907இல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தில் இதைப் பார்த்தார். கேள்விக்குறி வடிவில் இருந்ததால் அப்பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தார். அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. கடும் காமாலையோடும் சிறுநீரகப் பழுதோடும் வரும் இதன் முற்றிய வடிவத்தை ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் 1886இலேயே விவரித்திருந்தார். காரணம் இந்தக் கிருமிதான் என்று உறுதிசெய்தவர்கள் ஜப்பானின் இனாடாவும் இடோவும், ஆண்டு 1915. உடலுக்குள் புகுந்த கிருமி முதலில் இரத்தத்தில் பரவும். உடலின் எதிர்ப்பு கிளம்பியதும் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பு ஆற்றல் எளிதில் எட்டாத இடம் அது. அங்கிருந்து பெருகி, சிறுநீரில் கலந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வெளியே வந்துகொண்டே இருக்கும். சிறுநீர் விழுந்த இடம் ஈரமாக இருந்தால் பிழைக்கும், காய்ந்தால் சாகும். ஈரத்தில் நடக்கும் மனிதனின் கால் வெடிப்பு, கைக்கீறல், கண், மூக்கு, வாய் வழியாக அடுத்த உடலுக்குள் போகும். இந்த வட்டத்தில் எலிக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் மாடு, நாய், ஆடு, பன்றி என எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எலிக்காய்ச்சல் என்ற பெயர் எளிதில் புரிகிறது. ஆனால் அது எலியை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டது. பொறி வைத்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பு அந்தப் பெயரிலிருந்தே வருகிறது.

பன்றிக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சேரும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், பன்றி மேய்க்கும் இளைஞர்களுக்குக் கடுங்காய்ச்சலும் தலைவலியும், மூளை உறை அழற்சியும் வருவதை பூஷே என்ற மருத்துவர் 1914இல் எழுதினார். ‘இளம் பன்றிக்காரர் நோய்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. முப்பது ஆண்டுகள் காரணம் தெரியவில்லை. 1944இல் சுவிட்சர்லாந்தின் ஓட்டோ கிசெல், அது லெப்டோஸ்பைராவின் ஒரு வகையால் வருவது என்றும் பன்றியிலிருந்து வருவது என்றும் காட்டினார். அந்த வகைக்குப் பெயர் பொமோனா. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதே பெயருள்ள சிற்றூரைச் சேர்ந்த பால்பண்ணைத் தொழிலாளி ஒருவரிடம் 1930களில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. ஆல்ப்ஸ் கதையில் நம் ஊருக்கு நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. அங்கே பன்றிகள் பாலாடைக்கட்டி ஆலைகளை ஒட்டி வளர்ந்தன. பாலைத் திரித்துக் கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரே அவற்றின் தீவனம். ஒரு தொழிலின் மிச்சத்தைத் தின்று இன்னொரு தொழில் பிழைத்தது. ஆலையில் வேலை பழக வந்த பையன்களே பன்றியையும் பார்த்துக்கொண்டார்கள், நோயையும் வாங்கிக்கொண்டார்கள். பனியன் கம்பெனி ஊரின் மிச்சச் சோறும் கொங்கு நாட்டு வெண்பன்றியும் அதே உறவில்தான் இருக்கின்றன. ஆல்ப்ஸில் நடந்தது இங்கே அப்படியே நடந்திருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மலிவான ஈரத் தீவனம், நெருக்கிக் கட்டிய பன்றி, வெறுங்காலுடன் கழுவும் தொழிலாளி என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் இந்த நோய்க்கு என்ன வசதி கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

லெப்டோஸ்பைராவில் 250க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் அது நிலையாகக் குடியிருக்கும் விலங்கு ஒன்றோ சிலவோ இருக்கும். பொமோனா, டாரசோவி, பிராட்டிஸ்லாவா ஆகியவை பன்றியில் குடியிருப்பவை. குடியிருக்கும் வீட்டை எந்தக் குடித்தனக்காரனும் இடிப்பதில்லை. அந்த வகைகளும் பன்றியைப் பெரும்பாலும் கொல்வதில்லை. வளர்ந்த பன்றிக்கு ஓரிரு நாள் தீவனத்தில் நாட்டம் குறையலாம், இலேசான காய்ச்சல் இருக்கலாம். பல நேரம் அதுவும் தெரியாது. தெரிவது சினைப் பன்றியிடம்தான். பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். அதில் ஈன்றெடுக்க இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும்போது கரு சிதைந்து விழும். அல்லது நாள் நிறைந்து செத்த குட்டிகளும், நிற்க முடியாத நோஞ்சான் குட்டிகளும் பிறக்கும். நம் பக்கத்தில் மாடு கன்றை வீசிவிட்டது என்று சொல்வதுபோல, பன்றி வீசிவிட்டது என்று சொல்லிக் குட்டிகளைக் குழியில் தள்ளி மூடிவிடுகிறோம். வெயில், தீவனம், கண்ணேறு என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். தாய்ப்பன்றி இரண்டொரு நாளில் தேறி எழுந்து தின்னும். அதன் சிறுநீரில் கிருமி இறங்கிக்கொண்டிருப்பது யாருக்குத் தெரியும்? பொமோனா தொற்றிய பன்றி பல மாதங்கள் கிருமியை வெளியேற்றக்கூடும். அந்த மாதங்களில் அதே கொட்டகையின் சாக்கடையில் பத்துப் பன்றிகள் மூக்கை நுழைக்கும். சந்தையிலிருந்தோ வேறு பண்ணையிலிருந்தோ வாங்கிவந்த ஒரு பொலிப் பன்றியோ இளம் பெண்பன்றியோ போதும், ஒரு பண்ணைக்குள் இது நுழைய. இணை சேரும்போதும் பரவும்.

ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அந்தக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் முதலில் கண்டறியப்பட்டது. 2022இல் வயநாட்டுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் நம் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. பன்றிகள் கும்பலாகச் செத்ததால் செய்தியானது, அதிகாரிகள் ஓடினார்கள், போக்குவரத்து தடுக்கப்பட்டது. மனிதனுக்குத் தொற்றாத நோய் அது. எலிக்காய்ச்சல் நேர்மாறு. பன்றியைக் கொல்லாமல் விட்டுவிட்டு மனிதனைக் கொல்லக்கூடியது. உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இது கடுமையாக வருகிறது, 60,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று 2015இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. இந்தக் கணக்கில் பன்றியின் பங்கு சிறிதுதான். எலியும் வெள்ளமும் வயற்சேறும்தான் பெரும்பங்கு. ஆனால் பன்றிப் பண்ணையில் வேலை செய்பவருக்கு அந்தப் பங்கு சிறிதல்ல.

இந்த இடத்தில் குண்டடத்துக்காரர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி நியாயமானது. கேரளம்போல மாதக்கணக்கில் மழை பெய்யும் ஊரா இது? ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு; உப்பாறு அணை நிறைவதே அதிசயம். சிறுநீர் விழுந்த ஒரு மணி நேரத்தில் வெயில் காயவைத்துவிடும் நாட்டில் இந்தக் கிருமி எப்படிப் பிழைக்கும்? திறந்த வெளியைப் பற்றி அவர் சொல்வது முழுக்கச் சரி. வெயிலும் வறட்சியும் லெப்டோஸ்பைராவின் எதிரிகள். இந்த வட்டாரத்துக்கு இயற்கை தந்த பாதுகாப்பு அது. ஆனால் பன்றியின் உடம்பு அந்தப் பாதுகாப்பை ஏற்பதில்லை. பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியும் திறன் மிகக் குறைவு. மாடும் மனிதனும் தாங்கும் சித்திரை வெயிலைத் தாங்க அதற்கு ஈரம் வேண்டும். தண்ணீர் கிடைக்காவிட்டால் தன் சிறுநீரிலேயே புரண்டு உடம்பைக் குளிர்த்துக்கொள்ளும். அதனால் வெயில் ஏற ஏறப் பண்ணைக்காரர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறார். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்ப்பன்றி நாளுக்கு 20 லிட்டருக்கு மேலும்கூடத் தண்ணீர் குடிக்கும். குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகத் தரைக்கு வரும். ஓட்டல் மிச்சம் கஞ்சியும் குழம்புமாகவே வருகிறது; தொட்டியைச் சுற்றி எப்போதும் ஒரு சேறு. தினம் இருவேளை கொட்டகையைக் கழுவியாக வேண்டும். ஆக, ஊர் காயக் காயக் கொட்டகை நனைகிறது. வெளியே 38 டிகிரி அடிக்கும் மே மாதத்தில், கூரை நிழலுக்குள் இருக்கும் சிமெண்டுத் தரையின் வெடிப்பில் தேங்கிய நீர் கதகதப்பாக, நிழலில் இருக்கும். கிருமிக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடைப்பது அரிது.

இதோடு மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லெப்டோஸ்பைராவுக்குப் புளிப்பு ஆகாது. நடுநிலையான அல்லது இலேசாகக் காரத்தன்மை உள்ள ஈரமே பிடிக்கும். கேரளத்தின் பல பகுதிகளில் மண் புளிப்பு. திருப்பூர் மாவட்டத்தின் தெற்குப் பகுதியிலோ சுண்ணாம்புச் சத்து மிகுந்த, காரத்தன்மை கொண்ட மண் பரவலாக இருக்கிறது. கொட்டகையிலிருந்து வெளியேறும் கழுவுநீர் அந்த மண்ணில் குட்டையாகத் தேங்கி நின்றால், மண்ணின் தன்மை கிருமிக்கு எதிராக நிற்காது. வறட்சி ஒன்றுதான் இங்கே நமக்குக் காவல். அந்த ஒன்றையும் நம் கையால் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டால் வேறு காவல் இல்லை.

“இத்தனை சொல்கிறீர்களே, இந்த வட்டாரத்தில் பன்றிப் பண்ணையிலிருந்து எலிக்காய்ச்சல் வந்ததாக யார் கேள்விப்பட்டார்கள்?” என்பது அடுத்த கேள்வி. கேள்விப்படாமல் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த நோயின் வரலாறு மூன்று முறை நமக்குக் காட்டியிருக்கிறது. அந்தமானில் 1980களின் இறுதியிலிருந்து மழை முடியும் காலத்தில் ஒரு மர்மக் காய்ச்சல் வந்து, நுரையீரலில் இரத்தம் கசிந்து மக்கள் இறந்தார்கள். அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் வைரஸைத் தேடினார்கள். 1990களில் ஆராய்ந்தபோது லெப்டோஸ்பைரா என்று தெரிந்தது. அதே தீவுகளில் இந்த நோய் இருப்பதை 1930களின் தொடக்கத்திலேயே டெய்லர், கோய்ல் என்ற ஆய்வாளர்கள் எழுதிவைத்திருந்தார்கள். இடையில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இரண்டாவது, மதுரை. 1993 இறுதியில் தமிழகத்தில் பெருமழை, வெள்ளம். சில மாதம் கழித்து, 1994இல், கண் சிவந்து பார்வை மங்கி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஆட்கள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் வந்தார்கள். மருத்துவர் இரத்தினமும் அவருடைய குழுவினரும் 73 நோயாளிகளை ஆராய்ந்து, வெள்ளத்தோடு வந்த லெப்டோஸ்பைராதான் கண்ணின் உள்ளே அழற்சியை உண்டாக்கியது என்று 1997இல் வெளியிட்டார்கள். காய்ச்சல் வந்தபோது யாரும் பெயர் சொல்லாத நோயைக் கண் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது, நம் பக்கத்து ஈரோடு. அங்கே மனிதர்களிடம் எலிக்காய்ச்சல் இருப்பதைச் சோதித்து, கிருமியையே பிரித்தெடுத்து 2004இல் ஆய்வு வெளிவந்தது. சேலத்து அரிசி ஆலைத் தொழிலாளர்களிடமும் தொற்றின் தடயம் கிடைத்தது. ஈரோடும் சேலமும் குண்டடத்தைவிடப் பெரிய மழைக்காடுகள் அல்ல. தேடிய இடத்திலெல்லாம் கிடைத்த ஒன்றை, தேடாத இடத்தில் இல்லை என்று சொல்ல நமக்கு ஆதாரம் ஏது?

எலியை ஒழித்தால் போதாதா என்பவர்களும் உண்டு. எலியை ஒழிக்கத்தான் வேண்டும். மிச்சச் சோறு கிடக்கும் பண்ணைக்கு எலியும் பெருச்சாளியும் வராமல் இருக்காது. எலியில் குடியிருக்கும் வகைகள் பன்றிக்கும் மனிதனுக்கும் தாவக்கூடியவை. மூடிய டிரம்மில் தீவனத்தை வைப்பதும், இரவில் தொட்டியைக் காலியாக விடுவதும் செலவில்லாத காரியங்கள். ஆனால் பொமோனாவும் டாரசோவியும் எலியை எதிர்பார்த்து வாழ்பவை அல்ல. அவை பன்றியிலிருந்து பன்றிக்கே போய்க்கொண்டிருக்கும். ஒரு எலிகூட இல்லாத பண்ணையிலும் எலிக்காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக இருக்க முடியும் என்பதைப் பண்ணைக்காரர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊசிக்கும் மருந்துக்கும் வருவோம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைத் தீவனத்தில் கலந்து கொடுப்பதும் பன்றியின் சிறுநீரில் கிருமி இறங்குவதைக் குறைக்கும். கருச்சிதைவு தொடர்ந்து நடக்கும் பண்ணையில் கால்நடை மருத்துவர் சொல்லி அப்படிக் கொடுப்பது சரியான சிகிச்சை. ஆனால் தரை ஈரமாகவே இருந்தால், மருந்து நின்ற சில வாரங்களில் தரையில் இருப்பதும், மருந்துக்குத் தப்பிய ஒன்றிரண்டு பன்றிகளில் இருப்பதும் மறுபடி மந்தைக்குள் வந்துவிடும். பிறகு மறுபடி மருந்து, மறுபடி செலவு. மருத்துவரைக் கேட்காமல் மூட்டையில் வாங்கித் தீவனத்தில் தொடர்ந்து கலக்கும் வழக்கம், மற்ற கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடும். அந்த வினை நம் குழந்தைகளின் காய்ச்சலில் வந்து முடியும். தடுப்பூசி பற்றியும் இதே நிதானம் வேண்டும். வெளிநாட்டுப் பன்றிப் பண்ணைகளில் ஐந்தாறு வகைகளை ஒன்றாகச் சேர்த்த தடுப்பூசிகள் போடுகிறார்கள், கருச்சிதைவு குறைகிறது. ஆனால் எந்த வகைக்கு ஊசியோ அந்த வகைக்குத்தான் பாதுகாப்பு. நம் பண்ணைகளில் எந்த வகை இருக்கிறது என்று தேடிப் பார்க்காமல் ஊசியைப் பற்றிப் பேசுவது, பூட்டு எது என்று தெரியாமல் சாவி செய்வதற்குச் சமம்.

ஆகவே தரையில்தான் கைவைக்க வேண்டும். இது பெரிய முதலீடு கேட்கும் காரியமல்ல. சிமெண்டுத் தரைக்கு ஒரு பக்கமாகச் சாய்வு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். சாய்வு இல்லாத தரையை எத்தனை முறை கழுவினாலும் ஈரம் நிற்கும். வெடிப்புகளைப் பூச வேண்டும். பன்றி தன்னிச்சையாக ஈரமான மூலையிலேயே சாணமும் சிறுநீரும் கழிக்கும். படுக்க உலர்ந்த இடம் தேடும். கட்டும்போதே குடிநீர்க் குழாயைத் தாழ்ந்த பக்கத்தில் வைத்துவிட்டால் அது அங்கேயே போகப் பழகிக்கொள்ளும், படுக்கும் இடம் காய்ந்திருக்கும். ஒரு அறையின் கழுவுநீர் இன்னொரு அறை வழியாக ஓடாமல் பின்பக்க வாய்க்காலில் நேராக இறங்க வேண்டும். சாணத்தை முதலில் அள்ளிவிட்டுப் பிறகு கழுவினால் தண்ணீர் பாதிதான் ஆகும். போர்வெல் ஆயிரம் அடிக்குப் போயும் கலங்கல் தண்ணீர் வரும் வட்டாரத்தில் அந்த மிச்சமே ஒரு லாபம். சூட்டைத் தணிக்க நாளெல்லாம் குழாயில் அடிப்பதைவிட, கூரை மேல் தென்னை ஓலை பரப்புவது, பக்கச்சுவரைத் தாழ்த்திக் காற்று விடுவது, வெயில் உச்சத்தில் மட்டும் சிறிது நேரம் தெளித்துவிட்டுத் தரையை உலரவிடுவது எல்லாம் பலன் தரும். காற்றாலைக்குக் காற்று கிடைக்கும் ஊரில் கொட்டகைக்குக் காற்று கிடைக்காதா? கழுவுநீரைத் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் விடுவதில் தவறில்லை. ஆழக் குட்டையாகத் தேக்காமல், வெயில் படும் மேலோட்டமான பாத்திகளில் மாற்றி மாற்றி விட்டுக் காயவிட வேண்டும். ஆடும் மாடும் குடிக்கும் தொட்டிக்கு அது போகவே கூடாது. பன்றியில் இருப்பது மாட்டுக்கும் தாவும். காங்கேயம் காளையும் கலப்பினக் கறவையும் நிற்கும் தொழுவத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கவனக்குறைவாகத்தான் இருக்கும்.

கொட்டகையைக் கழுவுகிறவர் யார் என்பதையும் பேசியாக வேண்டும். பெரும்பாலும் முதலாளி அல்ல. கூலிக்கு வந்த உள்ளூர்க்காரரோ, குடும்பத்தோடு வந்து பண்ணையிலேயே தங்கிய வடமாநிலத்தவரோ. காலில் செருப்பு இருந்தால் உண்டு. ஊறி மெலிந்த பாதத் தோலும் சேற்றுப்புண்ணும் கிருமிக்குத் திறந்த வாசல். வேகமாக அடிக்கும் குழாய்நீர் தரையில் பட்டுத் தெறிக்கும் திவலை கண்ணிலும் வாயிலும் படுகிறது. பன்றி வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளுகிறார். முழங்கால்வரை வரும் ஒரு கம்பூட், ஒரு ஜோடி ரப்பர் கையுறை, கண்ணுக்கு ஒரு மலிவான கண்ணாடி — இவை ஒரு குட்டியின் விலையில் அடங்கிவிடும். கிருமி தொற்றியபின் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும்: குளிர் நடுக்கம், தாங்க முடியாத தலைவலி, கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி, பீளை இல்லாமல் சிவந்த கண். டெங்கு என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், சிலருக்கு ஒரு வாரத்தில் காமாலையும் சிறுநீர் நிற்பதும் வந்துவிடும். தொடக்கத்திலேயே கொடுத்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய, மலிவான மருந்துகளே போதும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: நான் பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன். தமிழ் தெரியாத தொழிலாளிக்காக அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவர் பண்ணைக்காரர். வெள்ளக் காலத்தில் கேரளத்தில் செய்வதுபோல வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் தடுப்பாக எடுக்கலாமா என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பொதுவாக அந்த மருந்தைக் கொடுப்பதில்லை.

இதையெல்லாம் எழுதினால் பன்றி இறைச்சி விற்காது, பன்றி வளர்ப்போரை ஊரை விட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் எனக்கும் உண்டு. பன்றி வளர்ப்பவர்களை ஏற்கெனவே இழிவாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நோய் என்ற சொல் அதற்கு ஒரு சாக்காகிவிடக் கூடாது. சமைத்த இறைச்சியால் இந்த நோய் வருவதில்லை. சூட்டில் கிருமி உடனே சாகும். ஆபத்து இருப்பது அறுக்கும் இடத்தில், சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் கையாளும் தொழிலாளிக்குத்தான்; அவருக்கும் கையுறையும் கம்பூட்டும் போதும். பண்ணையிலிருந்து நூறு அடி தள்ளி இருக்கும் வீட்டுக்குக் காற்றில் பறந்து இது போகாது. கழுவுநீர் தெருவில் ஓடினால் போகும்; அதைத் தடுக்கச் சொல்ல ஊருக்கு உரிமை உண்டு, பண்ணையை மூடச் சொல்ல நோயின் பெயரால் உரிமை இல்லை. பயத்துக்காக மறைத்துவைத்தால் கடைசியில் அடி விழுவது பண்ணைக்காரர் மேல்தான். ஒரு தொழிலாளி இறந்த பிறகு வரும் பேச்சைவிட, முன்கூட்டியே சோதனை செய்து வைத்திருக்கும் பண்ணைக்கு ஊரில் மரியாதை அதிகம் இருக்கும்.

சோதனைக்கு வசதி தொலைவில் இல்லை. திருப்பூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உடுமலையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. தொலைவு என்றாலும், சென்னை மாதவரத்தில் அதே பல்கலைக்கழகத்துக்கு லெப்டோஸ்பைராவுக்கென ஓர் ஆய்வகம் உண்டு. எலிக்காய்ச்சல் தடுப்புக்கான மத்திய அரசுத் திட்டத்தில் தமிழகமும் ஒரு மாநிலம். இவற்றில் எதுவும் தானாகக் குண்டடத்துப் பண்ணைக்குள் வராது; யாராவது ஒரு மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். ஒரே ஒரு பன்றியின் இரத்தத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. குட்டியை வீசிய நேரத்தில் தாயின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் குறைந்தே இருக்கலாம். அதனால் மந்தையில் குறைந்தது பத்துப் பன்றிகளையோ, பத்தில் ஒரு பங்கையோ, எது அதிகமோ அத்தனையைச் சோதிக்கச் சொல்கிறார்கள். விழுந்த குட்டியின் சிறுநீரகமும் நுரையீரலும் உறுதியான விடை தரக்கூடியவை. ஆனால் அழுகத் தொடங்கினால் பயனில்லை. கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்லும் புரூசெல்லாவும் பன்றிக்கு உண்டு, அதுவும் மனிதனுக்குத் தொற்றும். அந்தச் சோதனையையும் அதோடு சேர்த்தே செய்துவிடலாம். மாவட்டக் கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று மட்டும் இருந்தால் போதும்: பன்றி வீசிய பண்ணையின் பெயர் சுகாதார நிலையத்துக்கும், எலிக்காய்ச்சல் வந்த தொழிலாளியின் பண்ணை கால்நடை மருந்தகத்துக்கும் அன்றே தெரிய வேண்டும்.

பண்ணை வைத்திருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பன்றி நாள் நிறையாமல் குட்டிகளை வீசினால், வெறுங்கையால் தொடாதீர்கள், குழியும் வெட்டாதீர்கள். கையுறை போட்டு, கெட்டியான பாலித்தீன் பையில் இட்டு, ஐஸ் வைத்து, அன்று மாலைக்குள் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். குட்டிகள் கிடந்த தரையில் பிளீச்சிங் பவுடர் தூவிக் கழுவி, அது முழுக்கக் காயும்வரை வேறு பன்றியை அந்த அறையில் விடாதீர்கள்.